வலப்பக்கத்து ஆக்ஸில்

1. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது வலது முன்சக்கரத்திலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது.

2. அடியில் படுத்துப் பார்த்தேன். ஆக்ஸிலின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் எல்லாம் சக்கரத்தின் உட்புறத்தில் சிதறியிருந்தது.

3. வழக்கமான மெக்கானிக் பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்கு முன்பே அம்மாவின் பள்ளி திறந்துவிடும்.

4. நானே மாற்றிவிடுவதாகச் சொன்னேன்.

5. நட்டு அசையவில்லை.

6. ஆயுத பூஜை வந்தது. ஸ்பானர், சுத்தியல் எல்லாம் சாமி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டன.

7. நட்டு கழன்றது.

8. அது கழலும்போது வேறொன்றும் தெரியவந்தது. அதைச் சரிசெய்ய என்னிடம் சாக்கெட் இல்லை.

இப்படி எண் போட்டு எழுதுவது தொழில் பழக்கம். நான் இயந்திரவியல் படித்தவள். வண்டிகளில் வரும் போல்ட்டையும் நட்டையும் எவ்வளவு இறுக்கலாம், எதற்கு மேல் இறுக்கினால் அறுந்துவிடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்துச் சொல்வது வேலை. வெளிநாட்டு நேரத்துக்கு ஏற்ப மதியம் தொடங்கும். திருநகரில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தே செய்கிறேன். என்னிடம் வரும் கேள்விகள் எல்லாம் இறுக்குவதைப் பற்றியவை. கழற்றுவதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஒரு நட்டு பல வருடம் வெயிலிலும் தண்ணீரிலும் கிடந்தபின் என்ன ஆகும் என்பது என் திரையில் வராது.

கார் அம்மாவுடையது. அப்பா ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஓட்டத் தெரியாது. அம்மா கணக்கு ஆசிரியை. டி. கல்லுப்பட்டி தாண்டி, பேரையூர் போகும் வழியில் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி. ஐம்பதை நெருங்கும்போது கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, அன்றிலிருந்து தினமும் தானே ஓட்டிப் போய்வருகிறாள். அப்பாவின் பங்கு காரைக் கழுவுவது. தினமும் காலையில் போர் தண்ணீரை வாளியில் பிடித்து, சக்கரத்தின் இடுக்கு வரைக்கும் கழுவித் துடைப்பார். வெள்ளிக்கிழமைகளில் நான்கு சக்கரத்துக்கும் சந்தனம், குங்குமம். எங்கள் தெருவில் அவ்வளவு சுத்தமான பழைய கார் வேறு கிடையாது.

அம்மாவுக்கு இது கடைசி வருடம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பிவிட்டு ஓய்வு பெற வேண்டும். அவளது வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. எங்களுக்குத் தெரிந்தவரை அது படி ஏறும்போது வலிக்கும் கால், அவ்வளவுதான். பேருந்துப் படியில் அந்தக் காலை ஊன்றி ஏற முடியாது என்பதால் கார் இல்லாவிட்டால் பள்ளி இல்லை. காலாண்டு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளி. அதற்குள் வண்டி எழும்பாவிட்டால் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அப்படியே விருப்ப ஓய்வுக்கும் போட்டுவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள். நடு வருடத்தில் அந்த ஊருக்கு இன்னொரு கணக்கு ஆசிரியர் வரமாட்டார் என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். ஆகவே அந்தச் சத்தம் வெறும் சத்தமாக இல்லை.

டவுனில் உதிரிபாகக் கடைக்குப் போய்ப் புது ஆக்ஸில் வாங்கி வந்தேன். அதை முன் அறையில் பாய் விரித்து வைத்தேன். அப்பா அதைத் தாண்டாமல் சுற்றிப் போனார்.

ஆக்ஸில் என்பது இன்ஜின் பக்கத்துச் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் தடித்த கம்பி. அதன் வெளிமுனையில் பல் பல்லாக வெட்டியிருக்கும். அது சக்கரத்தைத் தாங்கும் ஹப்புக்குள் நுழைந்து நிற்கும். வெளியே வராமல் பிடித்துக்கொண்டிருப்பது நடுவில் இருக்கும் ஒற்றைப் பெரிய நட்டு. அந்த நட்டு ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடக்கூடாது என்பதற்காக, இறுக்கி முடித்தபின் அதன் விளிம்பை உளியால் ஓரிடத்தில் அடித்து, கம்பியில் நீளவாக்கில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் மடக்கிவிடுவார்கள். கழற்றுவதற்கு முன் அந்த மடிப்பை நிமிர்த்த வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

வலது சக்கரத்தின் நடு மூடி என்றைக்கோ ஒரு வேகத்தடையில் விழுந்து தொலைந்திருந்ததால் நட்டு வெளியே தெரிந்தது. குனிந்து பார்த்தேன். விளிம்பு சுற்றிலும் ஒரே வட்டமாக, பழுப்பாக, மண்ணும் துருவும் படிந்து இருந்தது. எங்கும் மடிப்பு இல்லை. சில வகை நட்டுகளில் மடிப்பே இருக்காது. இது அந்த வகை என்று முடிவு செய்தேன்.

நட்டைத் திருகும்போது சக்கரம் கூடவே சுழலாமல் இருக்க ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். அப்பா முன்வந்தார். நான் கீழே நட்டைக் கவ்வும் சாக்கெட்டை மாட்டி, நீளக் கைப்பிடியில் முழு எடையையும் போட்டேன். சக்கரம் சாவதானமாகச் சுழன்று பின்னால் வைத்திருந்த செங்கல் மேல் ஏறியது.

"அப்பா, மிதிச்சிருக்கீங்கள்ல?"

"அடிமட்டத்துக்கு மிதிச்சிருக்கேன் பாப்பா."

எழுந்து போய்ப் பார்த்தேன். அவர் கிளட்சை அடிமட்டத்துக்கு மிதித்திருந்தார். வராந்தாவில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல், இத்தனை வருசம் பக்கத்துச் சீட்டுல உக்காந்து வந்தவருக்கு ரோட்டுல போற ஆளு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு என்றாள். அப்பா நடு பெடலுக்கு மாறினார். அதன்பின் சக்கரம் நின்றது. நட்டும் நின்றது.

எதிர்வீட்டு அண்ணன் போர் போடும் தொழில் செய்பவர். என் கைப்பிடியைப் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு பல்தான் குத்தலாம் என்று சொல்லி, லாரியிலிருந்து ஆள் உயர இரும்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அதைக் கைப்பிடியில் செருகி மேலே ஏறி நின்றேன். குழாய் வளைவது காலடியில் தெரிந்தது. மனதுக்குள் கணக்குப் போட்டேன்: என் எடை, குழாயின் நீளம். வண்டியின் தொழில்நுட்ப வரைபடத்தில் இந்த நட்டுக்குப் போட்டிருக்கும் அளவை எப்போதோ தாண்டியாயிற்று. இதற்கு மேல் போனால் நட்டுக்குப் பதிலாகக் கம்பி முறியும். இறங்கிவிட்டேன். துருவுக்கு அடிக்கும் எண்ணெயைத் தெளித்துவிட்டு, ஊறட்டும் என்று விட்டோம்.

மறுநாள் ஆயுத பூஜை.

எங்கள் வீட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. அவரவர் வேலைக்கு எதைத் தொடுகிறார்களோ அதைச் சாமி முன்னால் வைக்க வேண்டும். வைத்ததை மறுநாள் விளக்கேற்றும் வரை எடுக்கக்கூடாது. அம்மாவின் பெரிய மரக் காம்பஸும் அளவுகோலும் இருந்தன. என் மடிக்கணினி இருந்தது. இந்த முறை அப்பா சாக்கெட், கைப்பிடி, சுத்தியல், உளி எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தார். ஒரு நாள் வீணாகிறதே என்று சொல்லிப் பார்த்தேன். எண்ணெய் ஊறும், பாப்பாவும் கொஞ்சம் ஓயட்டும் என்றார்.

பூஜைக்காக அப்பா காரை இன்னும் கவனமாகக் கழுவினார். இடது சக்கரத்து மூடியைக்கூட நெம்பி எடுத்துத் தனியாகத் தேய்த்தார். தெருவில் அங்கங்கே பூசணிக்காய் உடைந்து கிடந்தது. எதிர்வீட்டு லாரிக்கு வாழைமரம் கட்டியாயிற்று. அந்த அண்ணன் வாசலில் நின்று, "என்ன தங்கச்சி, நட்டுக்கும் இன்னைக்கு லீவா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா கூப்பிட்டார். கையில் சந்தனக் கிண்ணத்தோடு இடது சக்கரத்தின் முன்னால் குத்தவைத்திருந்தார்.

"பாப்பா, இந்த நட்டுல ஒரு ஓரமா குழியா இருக்கே. இதையும் ரொப்பிறவா?"

"இதையும்னா?"

"அந்தப் பக்கமும் இப்படித்தான் குழி இருந்துச்சு. பொட்டு வச்சா நிக்கமாட்டேங்குது, ஒழுகிருது. அதான் சந்தனத்தைக் கெட்டியாக் குழைச்சு ரொப்பி, மட்டமாக்கி, அதுமேல வைக்கிறது."

"எப்ப இருந்துப்பா?"

"மூடி போனதுல இருந்து. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா."

குனிந்து இடது நட்டைப் பார்த்தேன். விளிம்பில் ஒரு விரல்நுனி அளவுக்குப் பள்ளம். உலோகம் தெளிவாக உள்ளே மடிந்து, காடிக்குள் உட்கார்ந்திருந்தது. அதே வண்டி, அதே நட்டு. இதை முதல் நாளே செய்திருக்கலாம்: ஒரு பக்கம் புரியாவிட்டால் மறுபக்கத்தைத் திறந்து பார்ப்பது. ஆனால் வலது நட்டில் எனக்கு எதுவும் புரியாமல் இல்லையே. எல்லாம் புரிந்ததாகத்தான் நினைத்தேன்.

அம்மா வாசலுக்கு வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மூடி ஒண்ணு வாங்கி மாட்டுங்கன்னு எம்புட்டு நாளாச் சொன்னேன். இவரு சந்தனத்தாலயே மூடி செஞ்சு போட்டுருக்காரு."

அப்பா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். தப்பா பாப்பா என்று கேட்டார். தப்பில்லை, இப்போது தெரிந்ததே பெரிய விஷயம் என்றேன். அது உண்மைதான். எனக்குக் கோபம் வரவில்லை. என் கணக்கில் துரு இருந்தது, மண் இருந்தது, எடையும் நீளமும் இருந்தன. சந்தனம் என்று ஒரு பொருள் இல்லை.

கருவிகளைத் தொடக்கூடாது. பழைய பல்துலக்கும் பிரஷையும் ஒரு கொண்டை ஊசியையும் எடுத்து, சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டினேன். மேலே ஒரு பழுப்புத் தோல். அதற்கு அடியில் மஞ்சள், சிவப்பு, மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு, மெல்லிய அடுக்குகளாகக் கல்போல் இறுகியிருந்தது. உரியும்போது வாசனைகூட வந்தது. அம்மா, அந்தக் கொண்டை ஊசியையும் சாமிகிட்டக் கொண்டுபோய் வச்சிருக்கணும், விட்டுப்போச்சு என்றாள். அடுக்குகள் எல்லாம் போனபின் மடிப்பு தெரிந்தது. பூட்டைத் திறக்காமல் கதவைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை விளக்கேற்றியதும் கருவிகளை எடுத்தோம். விஜயதசமி அன்று எடுத்த கையோடு ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும் என்பதும் முறை. அம்மா சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு விடைத்தாளைத் திருத்தினாள். நான் உளியை எடுத்தேன். காடிக்குள் நுனியை விட்டுச் சிறிது சிறிதாகத் தட்ட, மடிப்பு வெளியே நிமிர்ந்து வந்தது.

அப்பா கோவிலுக்குப் போயிருந்தார். அவர் வரட்டும் என்றேன். அம்மா ஏற்கெனவே எழுந்துவிட்டாள்.

"அவரு வந்து மறுபடி கிளட்சைத் தேடவா? நகரு. ஓட்டுறவளுக்குத் தெரியாதா பிரேக்கு எங்க இருக்குன்னு."

கதவைப் பிடித்துக்கொண்டு, முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களைக் கையால் உள்ளே தூக்கி வைத்தாள். அவள் தினமும் அப்படித்தான் ஏறுவாள். அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

குழாயில் ஏறி நின்றேன். சக்கரம் ஒரு கணம் நின்றது. பிறகு முனகிக்கொண்டு பின்னால் சுழன்று, செங்கல்லில் ஏறி இடித்தது. வண்டி கியரில்தான் இருந்தது. ஆனாலும் அவ்வளவு பாரத்தை இன்ஜின் மட்டும் தாங்காது. நான் குழாயிலிருந்து சரிந்து முழங்கையைத் தரையில் தேய்த்துக்கொண்டேன்.

எழுந்தபோது கண்ணாடி வழியாக அம்மா தெரிந்தாள். அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கவில்லை. இரண்டு கையாலும் தன் வலது தொடையை, மாவு பிசைவதுபோல, கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தாள். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கால் தானாக மிதிக்கவில்லை. கைகள் அதை மிதிக்க வைத்துக்கொண்டிருந்தன.

நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"செருப்பு வழுக்கிருச்சு" என்றாள்.

செருப்பைக் கழற்றி வெளியே போட்டாள். பிறகு இடது காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்து, முதுகைச் சீட்டில் ஊன்றிக்கொண்டாள். ம், ஏறு என்றாள்.

இந்த முறை சக்கரம் அசையவே இல்லை. குழாய் மெல்ல வளைந்தது. பிறகு உலர்ந்த விறகு பிளப்பதுபோல ஒரு ஒலி. குழாய் என்னோடு சேர்ந்து கீழே இறங்கியது. எதிர்வீட்டிலிருந்து அந்த அண்ணன் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். இறங்கிவந்து அந்த நட்டைக் கையால் சுழற்றினேன். இவ்வளவு நேரம் காத்திருந்த ஒரு விஷயம் நடந்தபோது அதைக் கவனிக்க எனக்கு மனம் இல்லை.

நட்டு கழன்றாலும் ஆக்ஸில் வரவில்லை. ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, ஹப்பை அடியில் பிடித்திருக்கும் இரும்புக் கையின் மூட்டைப் பிரித்து, ஹப்பை வெளியே இழுத்துப் பார்த்தேன். கம்பி ஹப்போடு ஒன்றாகிப் போயிருந்தது. மரை கெட்டுவிடாமல் இருக்க நட்டைக் கம்பியின் முனை மட்டத்துக்குத் திரும்ப ஏற்றி, மேலே ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். செங்கல்பொடி போலத் துரு உதிர்ந்தது. கம்பி நகரவில்லை.

கோவிலில் இருந்து வந்த அப்பா உதிர்ந்த துருவை விரலால் தொட்டுப் பார்த்தார். "தெனம் கழுவித்தான வச்சேன்" என்றார்.

போர் தண்ணீரில் உப்பு அதிகம், சக்கரத்தில் ஊற்றும்போது இடுக்கெல்லாம் போய்த் தங்கிவிடும் என்று சொன்னேன். முடிந்தவரை மெதுவாகத்தான் சொன்னேன். அவர் தன் வாளியைப் பார்த்தார். அதன் வாய்ப்பகுதி முழுவதும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அந்த வாளியை அவர் அதுவரை பார்த்ததே இல்லை என்பதுபோல இருந்தது. பிறகு எதிர்வீட்டுக்குப் போய், போர் மோட்டாரில் பேரிங் கழற்றும் மூன்று கால் புல்லரைக் கேட்டு வாங்கி வந்தார்.

புல்லர் சத்தமில்லாத கருவி. மூன்று கால்களும் ஹப்பின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். நடுத்திருகு ஆக்ஸிலின் முனையை உள்ளே தள்ளும். திருகைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். பிறகு விட வேண்டும். எண்ணெய் தெளித்து, பக்கத்தில் லேசாகத் தட்டி, காத்திருந்து, மறுபடி கொஞ்சம். அவசரப்பட்டால் திருகு முறியும், அல்லது ஹப் விரியும். இறுக்கத்துக்குக் கணக்கு உண்டு. இந்தக் காத்திருப்புக்கு என்னிடம் சூத்திரம் எதுவும் இல்லை.

அம்மா நாற்காலியைப் பக்கத்தில் போட்டு விடைத்தாள்களோடு உட்கார்ந்துவிட்டாள். நான் போகச் சொல்லவில்லை. அப்பா தேநீர் போட உள்ளே போனபின் கேட்டேன்.

"எத்தன நாளாம்மா?"

அவள் ஒரு தப்பு விடையைச் சுழித்து முடித்துவிட்டுப் பேனாவை மூடினாள். "ஓட்டும்போது ஒண்ணும் தெரியாது. இம்புட்டு அழுத்தி யாரு மிதிக்கப்போறா? நான் நாப்பதுக்கு மேல போறதே இல்ல."

"மாடு குறுக்க வந்தா?"

"ஆரன் சத்தத்தைக் கேட்டா அது ஒதுங்கிரும்."

"பிள்ளைக வந்தா?"

 திருகைக் கொஞ்சம் இறுக்கினேன். அவள் தாள்களை அடுக்கி மடியில் தட்டிச் சரிசெய்தாள்.

"சரி, நீயே சொல்லு" என்றாள். "சுழிக்கிறது சுலபம். இந்தப் பிள்ளைககிட்ட நான் அதத்தான் சொல்றேன். தப்பு இதுன்னா, அடுத்த வரி என்ன? நான் நிறுத்திட்டா அதுகளுக்கு யாரு வருவா? வண்டிய நீ கழட்டுற. வண்டி சரியாயிரும். அப்புறம் என்னைய வீட்டுல உக்காரச் சொல்லப்போறியா?"

என்னிடம் அடுத்த வரி இல்லை. அதையே சொன்னேன். அப்போது ஹப்புக்குள் டக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கம்பி அரிசி அளவு நகர்ந்திருந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒவ்வொரு திருகலுக்கும் அது இறங்கிக்கொடுத்தது. கடைசியில் ஹப்பைக் கையால் இழுத்ததும் பிரிந்து வந்தது. கியர்பாக்ஸ் பக்கத்து முனையை நெம்புகோலால் ஒரு உந்து உந்தியதும் அதுவும் விட்டது. கியர்பாக்ஸ் எண்ணெய் வெளியே கொட்டத் தொடங்கியதும் அப்பா ஓடிவந்து தன் வாளியை அடியில் வைத்தார். அது அவருடைய முடிவு, நான் கேட்கவில்லை.

புது ஆக்ஸிலைப் போடுவது எடுத்ததைப்போல் இல்லை, சாதுவாக முடிந்தது. பற்களில் கிரீஸ் தடவினேன். எண்ணெய் நிரப்பினேன். ஆக்ஸிலோடு வந்த புது நட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்கி, விளிம்பை உளியால் மடக்கினேன். அப்பா பக்கத்தில் நின்று, அந்த மடிப்பு எப்படி விழுகிறது என்று பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாதான் சாவியை எடுத்தாள். சத்தம் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும் என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். திருமங்கலம் தாண்டி, கண்மாயை ஒட்டி, பிளாட் போட்டு யாரும் வீடு கட்டாமல் கிடக்கிற ஓர் இடம் உண்டு. நேர்நேரான தார்ச்சாலைகள், இருபுறமும் மஞ்சள் அடித்த கற்கள், இடையில் கருவேலம் முளைத்த மனைகள். அங்கே ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம் போட்டாள். டயர் தாரில் உரசும் ஒலி மட்டும் கேட்டது. அம்மா சிரித்தாள். நல்லாருக்கு பிள்ள என்றாள். அவள் என் வேலையைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு அவளே வண்டியை நிறுத்தி, "டெஸ்ட் வை" என்றாள்.

நான் புரியாதவள்போலப் பார்த்தேன்.

"நீ அன்னைக்குக் கேட்டேல்ல. வாயால பேசிக்கிட்டு இருந்தா முடியாது. வச்சுப் பாத்துருவோம்."

முதலில் நான் ஓட்டினேன். அவள் தினமும் போகிற அதே வேகம். எதிர்பாராத நேரத்தில் அவள் நிறுத்து என்றாள், நிறுத்தினேன். அவள் சொன்ன இடத்தையும் வண்டி நின்ற இடத்தையும் பக்கத்துக் கல்லை வைத்துக் குறித்துக்கொண்டோம். அடுத்து அவள் ஓட்டினாள். அதே சாலை, அதே வேகம். நான் எப்போது சொல்லப் போகிறேன் என்று காட்டிக்கொள்ளாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் எனக்குச் சொன்ன அதே கல் வந்ததும் நிறுத்து என்றேன்.

அவள் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழுந்தது. பிரேக்குக்குப் போகும் வழியில் ஒரு தயக்கம். பிறகு மிதித்தாள். பல்லைக் கடிப்பது தெரிந்தது. முன்பு நான் வண்டியை நிறுத்திய கல் எங்கள் பக்கமாகக் கடந்து போயிற்று. அடுத்த கல்லும் போயிற்று.

இன்னொரு தடவை என்றாள். இரண்டாவது முறை வண்டி முதல் முறையைவிடத் தள்ளி நின்றது. கால் ஏற்கெனவே வலிக்கத் தொடங்கிவிட்டது.

இன்ஜினை அணைத்தாள். காற்று கருவேலத்தில் உராயும் சத்தம் கேட்டது. அவள் மேல்கண்ணாடியைச் சரிசெய்து, பின்னால் விட்டு வந்த மஞ்சள் கற்களைப் பார்த்தாள்.

"நீ எங்க நின்ன?"

"அங்க. ரெண்டாவது கல்லுக்கு முன்னாடி."

"அந்தக் கல்லுக்கும் இதுக்கும் நடுவுல எம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒண்ணு நின்னா" என்றாள். 

 நான் ஏதாவது பேசியிருக்கலாம். அவள் தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொண்டிருந்தாள். குறுக்கே பேசத் தோன்றவில்லை. பிறகு கால்களைக் கையால் தூக்கி வெளியே வைத்து, கதவைப் பிடித்து எழுந்து, பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு சுற்றிவந்தாள். என் பக்கத்துக் கதவைத் திறந்து சாவியை நீட்டினாள்.

"நீ எந்திரிச்சு அந்தப் பக்கம் போ. உனக்கு வேலை மத்தியானந்தான ஆரம்பிக்குது?"

"ஆமாம்மா."

"அப்பக் காலைல என்னையக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துரலாம். பிரேயருக்கு முன்னாடி போகணும், லேட்டாக் கௌம்புற வேலை வேணாம். சாயங்காலத்துக்கு நான் சயின்ஸ் டீச்சர்கிட்டக் கேட்டுக்குறேன், அவங்க கார்லதான் வர்றாங்க."

அவள் இத்தனை வருடங்களில் யாரிடமும் தன்னை ஏற்றிப்போகச் சொல்லிக் கேட்டதில்லை. வீட்டுக்கு வரும் வழி முழுவதும் நான் ஓட்டுவதில் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். கியரை ஏன் இப்படிப் பிடுங்குகிறாய், லாரியை ஏன் ஒட்டிப் போகிறாய், இண்டிகேட்டரை எப்போது அணைப்பாய். நான் எதையும் மறுக்கவில்லை.

இப்போதைய நிலை இது. காலையில் நான் அம்மாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறேன். மாலையில் அங்கே அறிவியல் எடுக்கும் ஆசிரியை தன் காரில் திருமங்கலம் வரை கொண்டுவந்து விடுகிறார். அங்கிருந்து அப்பா ஆட்டோவில் கூட்டி வருகிறார். அவர் எல்.எல்.ஆர். வாங்கி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறார். கிளட்சில் இன்னும் தகராறு இருக்கிறது. பொதுத்தேர்வு முடிந்ததும் அம்மாவின் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு அவள் மறுபடி ஓட்டலாமா என்பதை டாக்டர் இன்னும் சொல்லவில்லை, அவள் கேட்டிருக்கிறாள். பத்தாம் வகுப்புக்குத் முக்கோணவியல் நடந்துகொண்டிருக்கிறது. வலது சக்கரத்துக்குப் புது மூடி மாட்டியாயிற்று. அப்பா பொட்டை மூடியின் மேல் வைக்கிறார். கழுவுவது நல்ல தண்ணீரில், வாரம் ஒரு முறை. சத்தம் இல்லை.